மேட்டுக்குப் போகாத உமரி

“அண்ணே, காலை எடுங்கண்ணே! மூச்சு முட்டுது!”

கத்தியது உமரிச்செடி. செடிகளுக்கும் நண்டுகளுக்கும் பேச்சு இருந்த காலம் அது. பேச்சு எல்லோருக்கும் இருந்தது. காது எல்லோருக்கும் இருந்தது என்று சொல்ல முடியாது. கோரைக்குச் சுத்தமாக இல்லை. அவன் பாட்டுக்கு உமரியின் தலைக்கு மேல் நின்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தான்.

“அண்ணே!”

“யாருடா அது, அடியிலேருந்து?”

“நான்தாண்ணே, உமரி.”

“அட, நீ இன்னும் இருக்கியா? போன மழையிலேயே போய்ச் சேர்ந்துட்டேன்னுல்ல நெனச்சேன்.”

கோரை இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தான். உமரி ஒரு சாண் உயரம். இலை என்று பார்த்தால் அரிசிமணி அளவு. கோரை ஆள் உயரம். அவன் பிள்ளைகளும் ஆள் உயரம். மேலே நிற்கிறவனுக்குக் கீழே கிடப்பவன் கண்ணில் பட்டால்தானே?

இடம் ஒரு கழிக்கரை. கடல் உள்ளே நுழைந்து, வளைந்து, சேற்றில் வந்து முடிகிற இடம். கழியிலிருந்து பார்த்தால் சேறு தட்டு மாதிரி மட்டமாகத் தெரியும். மட்டமில்லை. மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் ஒரு மணல்மேட்டில் போய் முட்டும். பெரிய ஏற்றமெல்லாம் இல்லை. நூறு எட்டு நடந்தால் ஒரு சாண் உயரும். நடக்கிறவனுக்கு அது தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

மேட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் ஊறி நின்றது. நல்ல தண்ணீர். அதனால் தாழை, கோரை, கண்டல், உமரி எல்லோரும் அந்த மேட்டிலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். கீழே அவ்வளவு சேறும் சும்மா கிடந்தது. அங்கே நண்டுகள் மட்டும்தான். செடிகளுக்கு அப்போது வேரைப் பிடுங்கிக்கொண்டு நடக்கவும் தெரியும். ஆனாலும் ஒருவர்கூட இறங்கிப் பார்த்ததில்லை. “கடல் வந்துபோற இடம், நமக்கெதுக்கு வம்பு” என்று விட்டுவிட்டார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவன் உமரிதான். அவன் விதை கடுகைவிடச் சின்னது. வெயில் பட்டால்தான் அது முளைக்கும். கோரை நிழலில் மூன்று மழைக்கு ஒரு விதைகூட முளைக்கவில்லை. கூட இருந்த உமரிகள் ஒவ்வொருவராக வெளுத்து, மெலிந்து, போய்விட்டார்கள். இவன் மட்டும் பாக்கி. இந்த வருடமும் உடம்பு முழுக்க விதை பிடித்திருந்தது. வருகிற ஐப்பசி மழைக்கு இது முளைக்காவிட்டால், உமரி என்று ஒரு பெயரே இருக்காது. அதனால்தான் கத்தினான்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா போதும். ஒரு கையகலம் வெயில் விழுந்தா போதும்.”

“எங்கேடா தள்றது? அந்தப் பக்கம் பார், என் மூத்தவன். இந்தப் பக்கம் பார், என் சின்னவன். நடுவுல பார், அது யாருன்னு எனக்கே தெரியலை, ஆனா நம்ம பையன்தான்.”

இந்தச் சத்தத்தில் தாழைக்குத் தூக்கம் கலைந்தது. தாழை வாய்க்காரி. இலையெல்லாம் முள், பேச்சும் அப்படித்தான்.

“ஏன்டா கோரை, அவன் சொல்றதுல என்ன தப்பு? என் காலுக்கடியிலயும் உன் பிள்ளைதான், என் பூவுக்கு மேலயும் உன் பிள்ளைதான். நேத்து ஒருத்தன் என் மடியில முளைச்சு நிக்கிறான். பெத்தா மட்டும் போதுமா, வைக்க இடம் வேணாம்?”

“அக்கா, பிள்ளையப் பத்திப் பேசாதீங்க.”

“பின்ன எதைப் பத்திப் பேச? உன் அழகைப் பத்தியா?”

கூட்டத்தில் சிரிப்பு. கண்டல்தான் அதிகம் சிரித்தான். அவன் மரம், நெட்டையன், கை கால் நீளம், சிரித்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் மேலெல்லாம் முட்டும். முட்டியது. இரண்டு பேர் விழுந்தார்கள். அதோடு எல்லோருக்கும் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

“கீழே இவ்வளவு இடம் கிடக்கு. பங்கு போட்டு ஆளுக்கொரு பக்கம் போயிடுவோம்,” என்றாள் தாழை.

“கடல் வருமே?” என்றான் கண்டல்.

“எதுவரைக்கும் வருதுன்னு கேட்டுக்குவோம். வராத இடத்தை நாம எடுத்துக்குவோம். இதுல என்ன பெரிய சூத்திரம்?”

கேட்பதற்கு ஆள் இருந்தான். ஒரு கை பெருத்த நண்டு ஒருவன் வளை வாசலில் உட்கார்ந்து, அந்தப் பெரிய கையை மேலே தூக்குவதும் கீழே போடுவதுமாக இருந்தான். அது அவனுக்குப் பழக்கம். பெண்டாட்டி தேடுகிறான் என்று சொல்லிக்கொண்டார்கள். கூப்பிட்டதும் பக்கவாட்டில் நடந்து வந்து சேர்ந்தான்.

“ஏய் நண்டு, தண்ணி எதுவரைக்கும் வரும்?” என்று கோரை கேட்டான்.

நண்டு யோசித்தான். “இன்னைக்கா?”

“இன்னைக்கில்லாம? உன் கல்யாணத்தன்னைக்கா?”

மறுபடியும் சிரிப்பு. நண்டுக்கு ரோசம் வந்துவிட்டது. விறுவிறுவென்று போய், சேற்றில் ஒரு கோடு கிழித்தான். “இதுவரைக்கும். இதுக்கு மேல ஒரு விரக்கடைகூட ஏறாது. ஏறுச்சுன்னா என் கையை வெட்டிக்கிறேன்.”

எல்லோரும் காத்திருந்தார்கள். கடல் வந்தது. சோம்பலாக வந்தது. கோட்டைத் தொட்டது. திரும்பிப் போய்விட்டது. நண்டு சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

நண்டு பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அட்டமி. அரை நிலா. அட்டமி நவமியில் கடல் செத்த மாதிரி கிடக்கும், கொஞ்சம் வரும், கொஞ்சம் போகும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் எழுந்து வரும். வலை போடுகிற வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். மேட்டில் பிறந்து, கீழே எட்டிக்கூடப் பார்க்காத செடிகளுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெயில் காலம், மழைக் காலம், இரண்டே இரண்டு. நிலா என்பது வெளிச்சத்துக்கு என்றுதான் நினைத்திருந்தார்கள். “இன்னைக்கா?” என்று நண்டு கேட்டானே, அந்த ஒரு வார்த்தையை ஒருவராவது பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“அப்போ கோட்டுக்கு மேலே எல்லாம் காய்ஞ்ச நிலம்,” என்றான் கோரை. அவன் கண் அகலமாகிவிட்டது. “பங்கு போடுங்க, பங்கு போடுங்க.”

இலைச்சீட்டு போட்டார்கள். ஆளுக்கு ஓர் இலை. எல்லா இலையையும் ஒரு பெரிய நத்தை ஓட்டுக்குள் போட்டுக் குலுக்கி, நண்டு கையை விட்டு எடுக்க வேண்டும். யார் இலை முதலில் வருகிறதோ அவர் முதலில் இடம் பிடிக்கலாம். நல்ல முறைதான். ஆனால் கோரையின் இலை நீளம். ஓட்டுக்கு வெளியே இரண்டு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. நண்டு அதைத்தான் பிடித்து இழுத்தான்.

“நானு!” என்று கோரை துள்ளினான். மேட்டடியிலிருந்து கோடு வரைக்கும் மொத்தச் சேற்றையும் கையை விரித்துக் காட்டினான். “இது பூரா எனக்கு. குடும்பம் பெருசு.”

இரண்டாவது தாழையின் இலை வந்தது. முள் குத்தி நண்டு “ஆ” என்றான். “நான் எங்கேயும் வரலை. மேடு எனக்கு. என் பூ சேத்துல விழவா?” என்றாள் அவள்.

மூன்றாவது கண்டல். மேலே ஒன்றும் பாக்கியில்லை. கோட்டுக்குக் கீழே கழியோரம்தான் இருந்தது. “தண்ணியிலேயே நிக்கணுமா?” என்று இழுத்தான். “உனக்குத்தான் காலு நீளமாச்சே, நில்லு,” என்று சொல்லிவிட்டார்கள்.

நண்டு ஓட்டைக் கவிழ்த்தான். “முடிஞ்சுது.”

“என்னோடது?” என்றான் உமரி.

“நீ போட்டியா?”

“போட்டேனே. நீங்க எல்லாரும் பார்த்தீங்களே.”

யாரும் பார்க்கவில்லை. உமரி ஓட்டை வாங்கித் தட்டினான். குலுக்கினான். கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி மிதித்தான். கடைசியில் சுருளின் கடைசி முடுக்கிலிருந்து அரிசிமணி மாதிரி ஓர் இலை உதிர்ந்தது. நண்டின் பெரிய கை அங்கே நுழையாது. நுழைந்தாலும் அகப்படாது.

“இதோ இருக்கு!”

“இருக்குடா, யார் இல்லேன்னா? ஆனா பங்கு முடிஞ்சுபோச்சே,” என்றான் கோரை. “பெரிய இலையா வளர்த்திருக்கணும். அது உன் குத்தம்.”

உமரிக்குக் கோபத்தில் கணுவெல்லாம் சிவந்துவிட்டது. “என் விதையை நான் எங்கே கொட்டுறது? உங்க வாயிலயா?”

ஒரு சாண் ஆள் இப்படிக் கத்தியதும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தாழைதான் தீர்ப்பு சொன்னாள். “கோட்டுமேலேயே இரு. இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். கோரை, நீ வாயை மூடு. ஒரு முழத்துல நீ கெட்டுப்போயிட மாட்டே.”

அப்படித்தான் உமரிக்குக் கோடு கிடைத்தது. நல்ல இடம் என்று யாரும் நினைக்கவில்லை. அவனும் நினைக்கவில்லை. ஆனால் போய் நின்றதும் தலையில் வெயில் விழுந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் வெயில். கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

பக்கத்து வளைதான் நண்டுடையது. சாயங்காலம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உமரி சும்மாதான் கேட்டான்.

“ஏன் நண்டு, நாளைக்கும் தண்ணி இதே இடம்தானே?”

“நாளைக்கா? நாளைக்குக் கொஞ்சம் மேலே.”

“நாளான்னைக்கு?”

“இன்னும் கொஞ்சம் மேலே.”

உமரி நிமிர்ந்து உட்கார்ந்தான். “எதுவரைக்கும்?”

“பௌர்ணமிக்கு மேட்டடி வரைக்கும் போகும். தாழை காலைத் தொடாத குறையா வந்துட்டுத் திரும்பும். உனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“இதை ஏன்யா காலையில சொல்லலை?”

“கேட்டியா? ‘இன்னைக்கா’ன்னு கேட்டேன். கல்யாணத்தைப் பேசினீங்க.”

உமரி ஒரே ஓட்டமாகக் கோரையிடம் ஓடினான். கோரை அப்போதுதான் குடும்பத்தோடு இறங்கி, சேற்றில் வேர் விட்டு, கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, மேலே போயிடுங்க. பௌர்ணமிக்குக் கடல் இங்கே வரும். நண்டு சொல்றான்.”

கோரை அவனை மேலும் கீழும் பார்த்தான். கீழும் என்றால் ஒரு சாண்தான். “ஏன்டா, இடத்தைப் பிடுங்கறதுக்கு இப்படி ஒரு வழியா? நான் மேலே போவேன், நீ பரப்பிக்கிட்டு உட்காருவே. கோடு போட்டப்ப கண்ணால பார்த்தோம்ல?”

“அது அட்டமித் தண்ணிண்ணே.”

“அட்டமியாவது நவமியாவது. தண்ணின்னா தண்ணி. போடா.”

உமரி போய்விட்டான். இரண்டு தடவை சொல்ல அவனுக்குப் பொறுமையில்லை. கழியோரம் போய்க் கண்டலிடம் சொன்னான். கண்டல் சிரிக்கவில்லை. “எவ்வளவு வரும்?” என்று மட்டும் கேட்டான்.

“உன் இடுப்புக்கு மேல, நண்டு சொல்றான்.”

“அப்போ நான் கொஞ்சம் எழுந்து நிக்கிறேன்,” என்றான் கண்டல். அன்றே இடுப்பிலிருந்து ஒரு வேரை வெளியே விட்டுச் சேற்றில் ஊன்றினான். மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் நாலு. பார்க்கிறவர்களுக்கு அவன் நண்டுக்கே அண்ணன் மாதிரி இருந்தான். அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

நவமியன்றே தண்ணீர் உமரியின் காலை நனைத்தது. ஏகாதசிக்குக் கோரையின் முதல் வரிசைக்கு வந்தது.

“பாரு, புதுசா குடிவந்திருக்கோம்னு கடலு மரியாதைக்கு வந்து பார்த்துட்டுப் போகுது,” என்று கோரை பிள்ளைகளிடம் சொன்னான்.

துவாதசிக்கு நடு வரிசை. திரயோதசிக்குக் கடைசி வரிசை. “நல்ல உறவுக்காரன் போலிருக்கு, தினம் வர்றான்,” என்று மேட்டிலிருந்து தாழை கத்தினாள். கோரை தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தான். அவன் சின்னவன் நுனி மஞ்சளாகியிருந்தது.

பௌர்ணமியன்று பொழுது ஏறும்போது கடல் எழுந்து வந்தது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. சேற்றின் ஒவ்வொரு பள்ளமாக நிரப்பி, ஒவ்வொரு சாணாக ஏறி, சேறு பூராவும் மினுமினு என்று ஒரே தண்ணீர்.

“உமரி! மேலே வாடா! முழுகிடப் போறே!” தாழைதான் கூப்பிட்டாள்.

ஓடியிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தது. உமரி மேட்டைத் திரும்பிப் பார்த்தான். கோரையின் கடைசிப் பிள்ளைகள் அதற்குள் மேட்டில் ஏறி, தாழையின் காலடியை அடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சத்தில் மொத்தக் குடும்பமும் அங்கே போய் நிற்கும். மறுபடியும் நிழல். மறுபடியும் மூச்சு முட்டல். அங்கே போனால் விதை நிச்சயம் சாகும். இங்கே நின்றால் தான் சாகலாம், சாகாமலும் போகலாம்.

நின்றான்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. ஒரு சாண் ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண்டல் மாதிரி எழுந்து நிற்க இவனுக்கு உயரம் கிடையாது. கோரை மாதிரி ஓட மனசு கிடையாது. தலைக்கு மேல் ஏறும் சமயம் அவனுக்கு ஒன்று தோன்றியது. ‘ஒண்ணு, தண்ணி என்னைக் குடிக்கும். இல்லேன்னா நான் தண்ணியைக் குடிக்கணும்.’

குடித்தான்.

உப்பென்றால் அப்படி ஓர் உப்பு. முதல் மடக்குக்கே உச்சி வரை எரிந்தது. கோரையும் இதைத்தான் குடித்தான், ஆனால் காறிக் காறித் துப்பினான். துப்பத் துப்ப உள்ளே வறண்டு போனான். உமரி துப்பவில்லை. ஒரு மடக்கைக் கணுவில் வைத்தான். அடுத்ததை அடுத்த கணுவில் வைத்தான். அரிசிமணி இலையெல்லாம் உருண்டு, திரண்டு, சதை வைத்தது. தண்ணீர் கூடக் கூட உப்பின் காரம் குறைந்தது. குடிக்கக் குடிக்கத் தாங்க முடிந்தது. தாங்கவே முடியாத உப்பை அடிக்கணுவுக்கு அனுப்பி, அதைச் சிவக்க வைத்து, உதிர்த்துவிட்டான்.

தண்ணீருக்கு அடியில் நண்டு எட்டிப் பார்த்தான். “என்னய்யா பண்றே?”

“குடிக்கிறேன்.”

“கடலையா?”

“பக்கத்துல வேற எதுவும் கிடைக்கலை.”

மேலே கோரை படாத பாடு பட்டான். வேர் அழுகியது, நுனி கருகியது. பிள்ளைகளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினான். பாதிப் பேரைத்தான் கொண்டுபோக முடிந்தது. ஓடும்போது தண்ணீருக்குள் தெரிந்த நண்டைப் பார்த்துக் கத்தினான். “படுபாவி! கோட்டுக்கு மேல ஏறாதுன்னியே! கையை வெட்டிக்கிறேன்னியே!”

“அது அன்னைக்கு!” என்றான் நண்டு.

பௌர்ணமி கழிந்தது. கடல் நாளுக்கு நாள் பின்வாங்கியது. நடுச்சேற்றில் தேங்கிய தண்ணீரை ஆவணி வெயில் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுப் போனது. கழியோரத்தில் இவ்வளவு உப்பில்லை. அங்கே தினம் தண்ணீர் வந்து கழுவிக்கொண்டு போகும். மேட்டில் உப்பே இல்லை, அங்கே கடல் ஏறாது. நடுவில்தான், எப்போதாவது வந்து நாள்கணக்கில் காய்கிற இடத்தில், சேறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போனது. அந்த வெளுப்பின் ஓரத்தில் உமரி நின்றான். குண்டாக. சிவப்பும் பச்சையுமாக.

“யார் இது?” என்றாள் தாழை. “புது மாப்பிள்ளை மாதிரி இருக்கான்.”

ஆனால் உமரிக்குச் சிரிப்பு வரவில்லை. விதை முற்றி உதிர்ந்திருந்தது. அடுத்து வந்த அமாவாசைத் தண்ணீர் அதை அள்ளிக்கொண்டுபோய் நடுச்சேறு முழுக்க விசிறிவிட்டது. தலைக்கு மேல் நிழல் இல்லை, வெயிலுக்குக் குறைவில்லை. எல்லாம் சரி. ஒன்றுகூட முளைக்கவில்லை. உப்புக்குள் கறுப்புப் புள்ளிகளாக அப்படியே கிடந்தன.

“உப்புல ஊறுகாய்தான்யா போடலாம். பயிர் வைக்க முடியாது,” என்றான் நண்டு.

“வாயை மூடு.”

புரட்டாசி முழுக்க உமரி அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். தான் தாங்கினோம், தன் பிள்ளைகள் தாங்கவில்லையே என்று நினைத்தான். மேட்டுக்கே போயிருக்கலாமோ என்றும் நினைத்தான். நண்டு ஒரு தடவை ஏதோ வேடிக்கை சொல்ல வந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வளைக்குள் போய்விட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அப்படி இப்படி மழையில்லை, மூன்று நாள் விடாமல் கொட்டியது. வெள்ளை கரைந்தது. உப்பு ஓடையாகக் கழிக்கு ஓடியது. நாலாம் நாள் மழை வெறித்தபோது நடுச்சேறு நல்ல தண்ணீர் ஊறி மெத்தென்று இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் நண்டு வளையிலிருந்து வெளியே வரப் பார்த்தான். வர முடியவில்லை. வாசல் முழுக்கச் சின்னச் சின்னப் பச்சை.

“யோவ் உமரி! உன் பிள்ளைங்களை என் வாசல்லேருந்து எடுய்யா!”

உமரி திரும்பிப் பார்த்தான். கோட்டிலிருந்து மேட்டடி வரைக்கும், கண்ணுக்கு எட்டிய தூரம், குண்டூசித் தலை அளவில் முளை. விதைகள் அழியவில்லை. உப்பு இறங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கின்றன. அப்பனைவிடப் பிள்ளைகளுக்குப் பொறுமை அதிகம்.

உமரி சிரித்தான். முதலில் சத்தமில்லாமல். அப்புறம் அடக்க முடியாமல். “எடுக்க முடியாது போ! நீ வேற வாசல் தோண்டிக்க!”

மழையில் சேறு பச்சையானதைப் பார்த்துவிட்டுக் கோரைக்கு மறுபடியும் ஆசை வந்தது. நாலு பிள்ளைகளை இறக்கிவிட்டான். மார்கழி வரைக்கும் நன்றாகத்தான் நின்றார்கள். தையில் மழை விட்டது, கடல் இரண்டு தடவை வந்துபோனது, உப்பு பூத்தது. நாலு பேரும் மஞ்சள் முகத்தோடு மேட்டுக்கு ஓடினார்கள். சுற்றி நின்ற உமரிக்குஞ்சுகள் அதற்குள் உப்பு குடிக்கப் பழகியிருந்தார்கள். ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

அப்போதுதான் கோரை மேட்டின் விளிம்புக்கு வந்து உமரியைக் கூப்பிட்டான். குரலில் பழைய மிடுக்கு இல்லை. கெட்டவன் இல்லை அவன், கீழே பார்க்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

“தம்பி! நான் அன்னைக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கணும். இப்போ மேட்டுல இடம் கிடக்கு. நல்ல தண்ணி. எதுக்கு இந்த உப்புல கிடந்து சாகறே?”

அவன் சொன்னது உண்மைதான். மேட்டு மண்ணில் உமரி இன்னும் செழிப்பாக வளர்ந்திருப்பான். உப்பு அவனுக்கு ஒன்றும் சர்க்கரை இல்லை. நல்ல தண்ணீர் யாருக்குத்தான் கசக்கும்? உமரி நிஜமாகவே யோசித்தான்.

“அண்ணே, இப்போ உங்களுக்கு எத்தனை பிள்ளை?”

“பதினொண்ணு.”

“அடுத்த மழைக்கு?”

“அது… கூடும்ல,” என்றான்.

தாழை சிரித்த சிரிப்பில் அவள் பூ ஒன்று உதிர்ந்தது.

அன்று முதல்தான் கழிக்கரையில் இந்த வரிசை. தினம் தண்ணீர் நிற்கிற ஓரத்தில் கண்டல், வேரை ஊன்றி எழுந்து நிற்கிறது. எப்போதாவது கடல் வந்து, காய்ந்து, உப்பு பூக்கிற நடுவில் உமரி, சதை வைத்துச் சிவந்து கிடக்கிறது. அதைப் பறித்துச் சமைக்கிறவர்கள் உப்புப் பானையைத் தொடுவதில்லை. கடல் ஏறாத மேட்டோரத்தில் கோரை, அதற்கு மேலே தாழை. கீழே இறங்கக் கோரையால் முடியாது, தண்ணீர் விடாது. மேலே ஏற உமரியால் முடியும், கோரை விடமாட்டான். ஒரு சாண் உயர்ந்தால் ஓர் ஊர், ஒரு சாண் தாழ்ந்தால் வேறோர் ஊர்.

கோரை அன்றைக்குப் போகும்போது கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனான். “சேறு காயறதுக்குள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மேலே ஏறி வந்துடு, என்ன?”

“சரிண்ணே,” என்றான் உமரி.

போகவில்லை.